துருவத்தில் வெப்பம் என்றால் லண்டனில் பனியா?

பிப்ரவரி கடைசியில் பிரிட்டனின் வானிலை ஆர்வலர்களுக்கு ஒரு ஜுரம் வரும். வட துருவத்துக்கு மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், அடுக்கு மண்டலக் காற்று திடீரென்று சூடேறப்போகிறது என்று கணினி மாடல்கள் காட்டினால் போதும், “மார்ச்சில் பனி நிச்சயம்” என்று தீர்ப்பெழுதிவிடுவார்கள். மறுநாள் பத்திரிகைகளுக்கு அதுதான் தலைப்பு. இந்தத் தீர்ப்பு செல்லாது. திடீர் வெப்பமாதல் என்ற நிகழ்வையே நான் மறுக்கவில்லை. 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் கண்டறிந்த காலத்திலிருந்து அது நிலைநாட்டப்பட்ட உண்மை. அங்கிருந்து லண்டன் தெருவுக்கு ஒரே தாவலில் வந்து குதிப்பதைத்தான் மறுக்கிறேன்.

குளிர்காலத்தில் துருவத்தின் மேல் மேற்குக் காற்று பம்பரமாகச் சுழல்கிறது. கீழே மலைகளும் கடல்-நில வெப்ப வேறுபாடும் எழுப்பும் பேரலைகள் மேலேறி அதைத் தள்ளாட வைத்தால், சில நாட்களிலேயே அங்கே வெப்பநிலை 50 டிகிரி வரைகூட எகிறும். காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். இந்தக் குலைவு மெல்லக் கீழே இறங்க வேண்டும். இறங்கி, அட்லாண்டிக் ஜெட் காற்றைத் தெற்கே ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய பின்னும் உயர் அழுத்தம் சரியான இடத்தில் வந்து உட்கார வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் பிரிட்டனுக்குள் கடுங்குளிர் நுழையும்.

“2018ஐ மறந்துவிட்டீரா?” என்பது அவர்கள் எடுக்கும் முதல் ஆயுதம். மறக்கக்கூடியதா அது! அந்த ஆண்டு பிப்ரவரி 12 வாக்கில் மேலே காற்று திசை மாறியது. இரண்டு வாரத்தில் சைபீரியக் குளிர் வந்து இறங்கியது. ஸ்காட்லாந்தில் பனிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். மார்ச் 1 அன்று எரிவாயு போதாமல் போகலாம் என்று தேசிய மின்-எரிவாயுத் தொகுப்பு நிறுவனமே எச்சரித்தது. அதே நேரம் தெற்கிலிருந்து எம்மா புயலும் வந்து மோதியது. பத்திரிகைகள் அந்தச் சைபீரியக் குளிருக்கு ‘பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்’ என்று பெயர் சூட்டிவிட்டதால் அது ஜனங்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஸ்காண்டிநேவியாவின் மேல் உயர் அழுத்தம் அப்படி வாகாக அமைந்திராவிட்டால் அந்தக் கிழக்குக் காற்று வேறு எந்த நாட்டுக்கோ போயிருக்கும்.

சரி, 2025? மார்ச் 9 வாக்கில் அதே போல மேலே காற்று திசை மாறியது. அந்த வசந்தம்தான் பிரிட்டனின் பதிவேட்டிலேயே மிக வெப்பமானதும் மிக வெயிலானதும். 2024 மார்ச் தொடக்கத்திலும் ஒரு வெப்பமாதல் நிகழ்ந்தது. அந்த மாதம் வழக்கத்தைவிட மிதமாக, மழையும் சேறுமாகக் கழிந்தது. இவற்றுக்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. வராத பனிக்கு யார் பெயர் வைப்பார்கள்?

இங்கே எதிர்வாதக்காரர் சளைக்காமல் சொல்வார்: “அது கீழே இறங்க நாளாகும், பொறுங்கள்.” நாளாகும் என்பது மெய். எத்தனை நாள் என்பதில்தான் வித்தை நடக்கிறது. 2018இல் இரண்டு வாரம் என்று கணக்கு. 2013க்கு வந்தால் ஜனவரி 6 வாக்கில் நடந்த வெப்பமாதலுக்கு, ஜனவரி நடுவில் பெய்த பனியோடு நிறுத்தாமல், அந்த ஆண்டின் கொடுங்குளிர் மார்ச்சையும் வரவு வைக்கிறார்கள். அதாவது எட்டு வாரத்துக்கும் மேல். 1962க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த மார்ச்சை பிரிட்டன் கண்டதில்லை என்பதால் ஆசை வருவது இயல்பு. ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். அப்படியானால் அதே அளவுகோலை 2019க்கும் வைக்க வேண்டாமா? ஜனவரி 2 வாக்கில் மேலே காற்று திரும்பியது. மாதக் கடைசியில் சில நாள் பனி பெய்தது, மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரி 26 அன்று கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி! பிரிட்டனின் குளிர்கால வரலாற்றில் அந்த வாரத்துக்கு முன் 20ஐத் தொட்டதே கிடையாது. 2013இன் குளிர் துருவத்தின் கொடை என்றால், 2019இன் வெயிலும் துருவத்தின் கொடைதான். ஒன்றை மட்டும் கணக்கில் சேர்ப்பது அறிவியல் இல்லை, ஆசை.

“2023 மார்ச்சில் பனி பெய்ததே” என்பது அடுத்தது. பிப்ரவரி நடுவில் வெப்பமாதல், மார்ச் இரண்டாவது வாரத்தில் பனி, கோர்வையாகத்தான் இருக்கிறது. தொடர்பு இருந்திருக்கவும் கூடும். ஆனால் பிரிட்டனில் மார்ச் பனிக்குச் சிறப்புக் காரணம் தேவையில்லை. சுற்றியுள்ள கடல் மிகக் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி, மார்ச்சில்தான். கிறிஸ்துமஸைவிட ஈஸ்டருக்குப் பனி விழ வாய்ப்பு அதிகம் என்று அந்நாட்டு வானிலை அலுவலகமே சொல்கிறது. வடக்குக் காற்று நாலு நாள் வீசினால் துருவத்தில் எதுவும் குலையாமலேயே பனி பெய்யும்.

“அமெரிக்க மாடல் பன்னிரண்டாம் நாளில் பனியைக் காட்டுகிறதே” என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. அந்த மாடல் நாளைக்கு நான்கு முறை ஓடி, 16 நாள் வரை படம் போடுகிறது. காலையில் பனி காட்டிய அதே தேதிக்கு மாலையில் இளவெயில் காட்டும். ரெடிங்கில் இருக்கும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே கணிப்பை 51 தடவை ஓட்டுவது இந்தச் சங்கடத்துக்காகத்தான். ஐம்பத்தொன்றில் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு “பாருங்கள்” என்பவரோடு என்ன பேசுவது? பத்து நாளைத் தாண்டிய வரைபடங்களைக் கனவுத் தீவு என்று கேலி செய்பவர்களும் இதே கூட்டம்தான் என்பது வேடிக்கை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிர்முனைக்குத் தாவுகிறவர்களும் உண்டு: “அப்படியானால் துருவத்தைப் பார்ப்பதே வீண்.” அதுவும் சரியில்லை. வெப்பமாதலுக்குப் பிந்தைய வாரங்களில் வட ஐரோப்பாவில் குளிர் தாக்கும் வாய்ப்பு சராசரியைவிடக் கூடுவது உண்மை. நீள்காலக் கணிப்பாளர்கள் அதை மற்ற தடயங்களோடு சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையின்போது நம்மூர் ஆர்வலர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற எம்ஜேஓ என்ற வெப்பமண்டல மேக-மழை அலையும் அவற்றில் ஒன்று. 2018 குலைவுக்கு முன் அது மேற்குப் பசிபிக்கில் வலுத்திருந்தது.

2013 மார்ச் கடைசியில் வட அயர்லாந்திலும் மான் தீவிலும் ஆடுகள் குட்டி ஈனும் பருவத்தில் பனிக்குவியலில் புதைந்து செத்தன. அப்படிப்பட்ட மலைப்பக்கத்து விவசாயி ஒருவர், மந்தையை எப்போது கீழே ஓட்டிவருவது என்று முடிவெடுக்க ஐந்து நாள் கணிப்பைத்தான் பார்க்க வேண்டும். 30 கிலோமீட்டர் உயரத்துச் சேதியை நம்பி மூன்று வாரம் முன்னதாகவே நாலு கட்டு வைக்கோல் கூடுதலாக வாங்கிப் போடலாம். அதற்கு மேல் அந்தச் சேதி தாங்காது.