ரஞ்சி அணியில் சீனியருக்கு என்ன வேலை?

ஒவ்வொரு ரஞ்சி சீசன் முடியும்போதும் தமிழ்நாட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். ‘எத்தனை வருஷம் இவங்களையே பார்க்கிறது? பசங்களுக்கு வழி விடுங்கப்பா’ என்பது ஒன்று. ‘அனுபவம் இல்லாம கோப்பை எப்படி வரும்?’ என்பது இன்னொன்று. ஆதங்கம் இரண்டிலும் நியாயம்தான். தமிழ்நாடு இதுவரை ரஞ்சி வென்றது இரண்டே முறை. 1954-55-ல் மதராஸ் என்ற பெயரில் ஒருமுறை, 1987-88-ல் எஸ்.வாசுதேவன் தலைமையில் ஒருமுறை. அதற்குப் பிறகு பிறந்தவர்களே இன்று ‘சீனியர்’ ஆகிவிட்டார்கள்!

ஆனால், ‘இளைஞரா, அனுபவசாலியா?’ என்ற கேள்வியே தப்பு. ஒரு சீனியரை எந்த வேலைக்காக அணியில் வைத்திருக்கிறோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

விதர்பா என்ன செய்தது?

2025 பிப்ரவரியில் நாக்பூரில் நடந்த காலிறுதியில் தமிழ்நாட்டை 198 ரன் வித்தியாசத்தில் விதர்பா வீழ்த்தியது. முதல் இன்னிங்ஸில் 122 ரன் அடித்தவர் கருண் நாயர். கர்நாடகத்துக்காரர், அப்போது வயது 33. வெளி மாநில வீரர்கள் மூன்று பேர் வரை ஓர் அணியில் ஆடலாம் என்ற விதியின்படி அங்கே போனவர்.

அதே சீசனின் இறுதிப் போட்டியில் கேரளத்துக்கு எதிராக விதர்பா 24 ரன்னுக்கு 3 விக்கெட் இழந்து தடுமாறியது. அப்போது நாயருடன் சேர்ந்து நின்றவர் 21 வயது டானிஷ் மாலேவார். இருவரும் சேர்த்தது 215 ரன். மாலேவார் 153, நாயர் 86. ஆட்டம் டிராவில் முடிய, முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கோப்பை விதர்பாவுக்கு. அந்த சீசனில் 69 விக்கெட் எடுத்து சாதனை படைத்த ஹர்ஷ் துபேவுக்கு வயது 22.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பையனின் இடத்தை நாயர் பறிக்கவில்லை. எதிர்முனையில் துணை நின்றார். விதர்பா முதன்முதலாகக் கோப்பை வென்ற 2017-18-லும் இதே கதைதான். 39 வயது வாசிம் ஜாஃபர் ஒரு பக்கம், இறுதிப் போட்டியில் ஹாட்ரிக் எடுத்த இளம் வேகப்பந்து வீச்சாளர் ரஜனீஷ் குர்பானி இன்னொரு பக்கம்.

நம்ம கணக்கு எப்படி?

பாபா அபராஜித் 2024-ல் கேரளத்துக்குப் போய்விட்டார். 2025 ஜனவரியில் சண்டிகருக்கு எதிராக 150 ரன் அடித்து ஆட்டமிழக்காமல் நின்ற விஜய் சங்கர், அதே ஆண்டு திரிபுராவுக்கு மாறினார். இன்னொரு பக்கம், 18 வயது ஆந்த்ரே சித்தார்த் தன் முதல் ரஞ்சி சீசனிலேயே 600 ரன்களைத் தாண்டினார். பெருமையான விஷயம். ஆனால், அடுத்த முறை 24-க்கு 3 என்று ஆகும்போது அந்தப் பையனுக்கு எதிர்முனையில் நிற்கப்போவது யார்?

‘சீனியர்கள் பெயரை வைத்தே காலம் தள்ளுகிறார்கள்’ என்ற புகாரைத் தள்ளிவிட முடியாது. அப்படி ஆடுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மருந்து, ஆட்டத்தைப் பார்ப்பது. பிறந்த தேதியைப் பார்ப்பது அல்ல. இங்கிலாந்து கவுன்ட்டி கிரிக்கெட்டில் கென்ட் அணிக்கு ஆடிய டேரன் ஸ்டீவன்ஸ், 2021-ல் கிளாமோர்கனுக்கு எதிராக 190 ரன் அடித்தபோது வயது 45. கம்மின்ஸுடன் அவர் சேர்த்த 166 ரன்னில் கம்மின்ஸ் அடித்தது ஒரே ஒரு ரன்! வயதை மட்டும் பார்த்திருந்தால் ஸ்டீவன்ஸை எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கொடுங்கையூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. வயதை அளவுகோலாக வைத்தால் முதலில் அடிபடுவது சீனியர் இல்லை. லேட்டாக வருகிற பையன்தான். 16, 19, 23 வயதுக்குட்பட்டோர் என்று கிரிக்கெட்டில் படிகள் இருக்கின்றன. சின்ன வயதிலேயே அகாடமியில் சேர்ந்தவர்கள் அதில் ஏறிவிடுவார்கள். கொடுங்கையூரிலோ எண்ணூரிலோ டென்னிஸ் பாலில் யார்க்கர் போடுகிற பையனுக்கு, கிட் வாங்கவும் லீக் அணியில் இடம் பிடிக்கவுமே இருபது வயது தாண்டிவிடும். ‘இளைஞர் வாய்ப்பு’ என்று கதவு திறக்கும்போது அவன் 24 வயது ‘முதியவர்’!

சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலில் வளர்ந்தவர். சென்னை நான்காம் டிவிஷன் லீக்கில் தொடங்கி, ரஞ்சி ஆடியபோது 23. இந்தியாவுக்கு ஆடியபோது 29. கட்டிடக் கலைஞராக இருந்த வருண் சக்கரவர்த்தி, ஒருநாள் போட்டியில் இந்தியாவுக்கு அறிமுகமானபோது 33. வயதுக் கோடு போட்டிருந்தால் இந்த இரண்டு பேரும் கிடைத்திருப்பார்களா?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூன்று விஷயம் போதும். சீனியரிடம் சீசன் தொடங்கும் முன்பே ‘உங்க வேலை இது, இந்த வருஷம் முழுக்க இருக்கீங்க’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். ஆட்டம் போய்விட்டால் அதையும் அப்படியே சொல்லுங்கள். புதுப் பையனை இறக்கினால் ஏழு லீக் ஆட்டங்களில் நான்காவது கொடுங்கள். ஒரு டக் அவுட்டில் உட்கார வைக்காதீர்கள். மூன்றாவது, கீழ் டிவிஷன் லீக்கில் விக்கெட்டும் ரன்னும் குவிப்பவரின் வயதைக் கேட்கும் முன், ஒருமுறை நேரில் போய் அவர் ஆடுவதைப் பாருங்கள்.

கோப்பை வருகிறதோ இல்லையோ, சீனியர் மரியாதையோடு விலகுவார். பையன் பயமில்லாமல் ஆடுவான். கோப்பை வென்ற அணிகளை எடுத்துப் பாருங்கள், இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.