முழங்காலும் பிரேக்கும்

தேய்ந்துபோன முழங்கால் மூட்டை நீக்கிவிட்டு, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன புது மூட்டைப் பொருத்தும் ரண சிகிச்சை இன்று நம் தேசத்தில் சர்வ சாதாரணமாகிவிட்டது. சிகிச்சை முடிந்து, கோலை ஊன்றிக் கூடத்தில் நாலு அடி நடந்ததுமே, "கார்ச் சாவி எங்கே?" என்று கேட்கும் பெரியவர்கள் அநேகர். அவர்களுடைய உற்சாகத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் சாவியை எடுத்துக் கொடுக்க அவசரப்பட வேண்டாம் என்றே வீட்டாருக்குச் சொல்வோம்.

நடப்பது வேறு, ஓடும் வண்டியைத் திடீரென்று நிறுத்துவது வேறு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. பிரேக்கை மிதிக்க வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமானால், ஐந்தரை மீட்டர் அதிகம் ஓடிவிடும். பந்தைத் துரத்தித் தெருவுக்கு வரும் குழந்தையின் உயிர் அந்த ஐந்தரை மீட்டரில் அடங்கியிருக்கலாம்.

வலது முழங்காலில் சிகிச்சை நடந்திருந்தால், பழைய வேகம் திரும்புவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். இடது காலானால், கிளச் இல்லாத வண்டியைச் சற்று முன்னதாகவே ஓட்டலாம். கிளச் உள்ள வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்கூட்டர்க்காரர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். பிரேக் கையில் இருந்தாலும், நிற்கும்போது வண்டியின் பாரத்தைத் தாங்குவது காலல்லவா? தூக்கம் தரும் வலி மாத்திரை சாப்பிடும் வரையில் எந்த வண்டியையும் தொடலாகாது.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, எஞ்சினை ஓடவிடாமல் ஆசனத்தில் அமர்ந்து, வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குச் சட்டென்று மாற்றி, பலமாக மிதித்துப் பார்க்க வேண்டும். முகம் சுளித்தால் இன்னும் நாளாகவில்லை என்று அர்த்தம். சுளிக்காவிட்டால், ஆள் நடமாட்டமற்ற இடத்தில், துணையுடன், சிறிது தூரம் ஓட்டிப் பழகலாம்.

பிறருக்கு அபாயம் விளையும் என்று தெரிந்தும் உடல் தகுதியின்றி ஓட்டுவது, 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-வது பிரிவின்படி குற்றமாகும். ஆயினும் நாம் அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்த விரும்பவில்லை. வீதி எல்லாருக்கும் பொது. அதில் நடக்கும் ஏழைக்கும் குழந்தைக்கும் நாம் செலுத்த வேண்டிய மரியாதை, நம் காலை நாமே சோதித்துக் கொள்வதாகும்.

அதுவரை மகளோ மருமகனோ ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து செல்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அவர்களுக்கு யோசனை சொல்லாமல் இருப்பதுதான் சிரமம். அதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்!