தொப்புளும் தொடக்கமும்

தேம்பாவணி வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது ஒரு மாணவி தயங்கியபடி வந்து நின்றாள். யூதேயா நாட்டை வீரமாமுனிவர் வயலும் வாவியுமாகத் தமிழகத்து மருதநிலம்போலப் பாடியிருப்பதைப் பற்றி அன்று பேசியிருந்தேன். கவிஞர் பொய் சொல்லவில்லை, ஒரு நாட்டைச் சிறப்பிக்கும் காப்பிய மரபு அது என்று விளக்கியிருந்தேன். அவள் கேட்டாள்: “ஐயா, அப்படியானால் ஆதியாகமத்தின் ஆறு நாட்களும் அப்படித்தானா? அது நடக்கவில்லை என்றால் மற்றதையெல்லாம் நான் எப்படி நம்புவது?” விவாதத்துக்காகக் கேட்ட கேள்வி அல்ல. குரல் நடுங்கியது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இக்கட்டுரை.

நான் கிறித்தவன் அல்லன். வேதாகமத்தை ஓர் இலக்கிய வாசகனாகப் படித்து வருபவன். படைப்புவாதம் பற்றிய விவாதங்களில் ஒரு தரப்பு, ஒவ்வொரு சொல்லும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறது என்கிறது. மறுதரப்பு, அப்படி நடக்கவில்லை, ஆகவே முழுவதும் பொய் என்கிறது. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே வாசிப்பின் இரு முகங்கள் என்றே எனக்குப் படுகிறது. ஆதியாகமத்தை ஒரு செய்தியறிக்கையாகப் படிப்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இந்த வாசிப்பைக் கடைசி எல்லைவரை நேர்மையாகக் கொண்டுசென்றவர் பிலிப் ஹென்றி காஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிறந்த இயற்கையியலாளர்களில் ஒருவர். கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆர்வத்தை 1854இல் தாம் எழுதிய நூலின் வழியாக மக்களிடையே பரப்பியவர். அதே அளவுக்கு, வேதாகமத்தைச் சொல்லுக்குச் சொல் ஏற்றவர். உலகின் வயது ஆறாயிரம் ஆண்டுகளுக்குள் அடங்காது என்று பாறையடுக்குகளும் புதைபடிவங்களும் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. காஸ் அந்தச் சான்றுகளை மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு அவர் மோசமான அறிவியலாளர் அல்லர். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1857இல், ‘ஆம்ஃபலாஸ்’ என்ற நூலை வெளியிட்டார். கிரேக்கத்தில் தொப்புள் என்று பொருள். ஆதாம் தாய் வயிற்றில் பிறக்கவில்லை. ஆயினும் முழு மனிதனாகப் படைக்கப்பட்டதால் அவனுக்குத் தொப்புள் இருந்திருக்கும். ஏதேனின் மரங்கள் அன்றுதான் தோன்றின. ஆயினும் வெட்டிப் பார்த்தால் உள்ளே ஆண்டு வளையங்கள் தெரிந்திருக்கும். அதுபோலவே உலகமும், நடவாத ஒரு கடந்தகாலத்தின் தடயங்களோடு, புதைபடிவங்களோடு, படைக்கப்பட்டது என்றார்.

தர்க்கத்தால் இதை மறுக்கவே முடியாது. எந்தச் சான்றைக் காட்டினாலும், அதுவும் அப்படியே படைக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். போர்ஹெஸ் பின்னாளில் காஸைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் வெளிவந்தபோது நூலை ஏற்பார் இல்லை. அறிவியலாளர்கள் நகைத்ததில் வியப்பில்லை. காஸின் நண்பரும் பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லியின் மறுப்புத்தான் முக்கியமானது. பாறைகளில் கடவுள் தேவையற்ற ஒரு மாபெரும் பொய்யை எழுதிவைத்தார் என்று தம்மால் நம்ப முடியாது என்பது அதன் சாரம். வேதத்தின் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று புறப்பட்டவர், கடவுளின் நேர்மையையே விட்டுக்கொடுத்து நின்றார். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’ நூல், அந்த வீட்டின் விசுவாசத்திலிருந்து ஒரு பிள்ளை மெல்ல விலகிய கதை.

ஆதியாகமத்தை இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது கிறித்தவத்தின் ஒரே மரபும் அல்ல. கதிரவன் படைக்கப்படுவது நான்காம் நாளில். அதற்கு முன் மூன்று நாட்கள் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்டவர் ஒரிகன். அவர் நாத்திகர் அல்லர், திருச்சபை கண்ட பேரறிஞர்களில் ஒருவர். படைப்பின் நாட்கள் நாம் அறிந்த நாட்கள் அல்ல, அனைத்தும் ஒருங்கே படைக்கப்பட்டன என்று கருதினார் அகஸ்தீன். இயற்கையை நன்கறிந்தவர்கள் முன், வேதத்தின் பெயரால் அறியாமையைப் பேசுவோர் வேதத்தையே நகைப்புக்கு இடமாக்குகிறார்கள் என்றும் எச்சரித்தார். இன்றைய அறிவியல் சொல்லும் உலகின் வயதை இவர்கள் எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் ஒரு பிரதியின் முன் எப்படி நிற்பது என்று அறிந்திருந்தார்கள்.

1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. வேதாகமத்தின் காவலராக வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை, ஸ்கோப்ஸ் தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ சாட்சிக்கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். படைப்பின் நாட்கள் இருபத்துநான்கு மணிநேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்டார். ஆறு நாட்களை ஓர் அறிவியல் கோட்பாடாகவே நிறுவ முயலும் இன்றைய படைப்புவாதம் பரவலானது, 1961இல் விட்கோம்ப், மாரிஸ் இருவரும் எழுதிய ‘ஆதியாகமப் பெருவெள்ளம்’ நூலுக்குப் பிறகுதான். விசுவாசம் தன்னை நிறுவிக்கொள்ள ஆய்வுக்கூடத்தின் மொழியை இங்கே கடன் வாங்குகிறது. அளந்து காட்ட முடிந்ததே உண்மை என்ற நவீன காலத்தின் தீர்ப்பை அது முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதைப் பழமைவாதம் என்பதைவிட நவீனத்தின் பிள்ளை என்பதே பொருந்தும்.

அவர்களுடைய அச்சத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆதாம் வரலாற்று மனிதன் அல்லன் என்றால், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் ஆதாமின் பாவத்தையும் கிறிஸ்துவின் மீட்பையும் எதிரெதிரே வைத்துப் பேசுவது என்னாகும்? ஒரு செங்கல்லை உருவினால் சுவர் நிற்குமா? நியாயமான கேள்விதான். ஆனால் விசுவாசத்தைச் சுவராகக் கருதினால்தான் இந்த அச்சம்.

தமிழில் ‘நம்பு’ என்னும் வினை இரு வகையாக வருகிறது. ‘மழை வரும் என்று நம்புகிறேன்’ என்பது ஒன்று. ‘உன்னை நம்புகிறேன்’ என்பது மற்றொன்று. முன்னது ஒரு கூற்றைப் பற்றியது. கூற்று பொய்த்தால் நம்பிக்கையும் போயிற்று. பின்னது இரண்டாம் வேற்றுமை ஏற்று ஓர் ஆளை நோக்குவது. போகும் இடம் இன்னதென்று அறியாமலே ஊரைவிட்டுப் புறப்பட்டான் ஆபிரகாம். உலகின் வயது என்ன என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. யோபுவுக்குத் தன் துன்பத்தின் காரணம் கடைசிவரை சொல்லப்படவேயில்லை. ‘உன்னை’ என்பதை ‘என்று’ ஆகச் சுருக்குவதே நேர்ப்பொருள்வாதத்தின் பிழை. புதைபடிவத்தைக் காட்டி விசுவாசத்தைத் தீர்த்துக்கட்டிவிட்டதாக எண்ணுபவர் செய்வதும் அதே சுருக்கம்தான். ஆள் இருக்கிறார் என்று நம்பாமல் ஆளை எப்படி நம்புவது என்று நாத்திகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கான விடை மட்டும், இரு தரப்புக்கும், பாறையடுக்குகளில் இல்லை.

அந்த மாணவி மறுபடி வந்தால் இப்படிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். உலகம் எப்போது தோன்றியது என்பதைப் பாறைகளிடம் கேள், அம்மா. அவை பொய் சொல்வதில்லை. ஆதியாகமத்திடம் வேறு கேள்விகள் கேள். முதல் அதிகாரத்தில் மனிதன் விலங்குகளுக்குப் பின் வருகிறான், இரண்டாம் அதிகாரத்தில் விலங்குகளுக்கு முன் வருகிறான். இரண்டையும் தொகுத்தவர்கள் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்? மற்ற நாட்களின் படைப்பையெல்லாம் நல்லது என்று கண்ட கடவுள், நீரை நீரிலிருந்து பிரித்த இரண்டாம் நாளில் மட்டும் ஏன் அப்படிச் சொல்லவில்லை? யூத உரையாசிரியர்கள் இதைப் பற்றி நூற்றாண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் படிப்பது என்றால் அதுதான்.