ஒருவர் சொல் போதுமா?

போதைப்பொருள் விற்று இளைஞரைக் கெடுப்போர்பால் எமக்கு இரக்கம் கிடையாது. அவர்களைப் பிடிக்கும் பொருட்டுப் பொலிசார் மாறுவேடம் பூண்டு, வாங்குவோர் போல் நடிப்பதையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. களவு போனால் உடையவன் முறையிடுவான். இவ்வியாபாரத்திலோ முறையிட எவருமில்லை. விற்றவனும் வாய் திறவான், வாங்கியவனும் வாய் திறவான். ஆகவே வேவு பார்ப்பது தவிர்க்க முடியாதது. ஆனால், வேவுகாரர் திரும்பி வந்து "இன்னார் எனக்கு விற்றார்" என்று கூறியதும், அச்சொல் ஒன்றே ஒரு மனிதனின் கைகளில் விலங்கு பூட்டப் போதுமா? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று இக்கேள்விக்குப் பெரும் விலை கொடுத்திருக்கிறது.

டூலியா என்பது ஏறக்குறைய 5,000 பேர் வாழும் விவசாய ஊர். 1999 ஜூலை 23ஆம் நாள் விடியற்காலையில் அங்கு பொலிசார் வீடு வீடாகப் புகுந்தனர். குற்றஞ் சாட்டப்பட்டோர் 46 பேர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவ்வூரின் சின்னஞ்சிறு கறுப்பினச் சமூகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இவ்வலையில் அகப்பட்டனர். சோதனையில் போதைப்பொருளோ, ஆயுதமோ, பணக்குவியலோ அகப்படவில்லை. இருந்த ஆதாரமெல்லாம் டொம் கோல்மன் என்னும் இரகசியப் பொலிஸ் ஊழியரின் வாய்ச்சொல். பதினெட்டு மாதம் தனியே உலாவிய அவர், நூறு தடவைக்கு மேல் கொக்கெயின் முதலியவற்றை வாங்கியதாகக் கூறினார். உடன் நின்று கண்டவர் இல்லை, ஒலிப்பதிவும் இல்லை. குறிப்புகளைத் தம் காலில் எழுதி வைத்துக்கொண்டாராம்! இதைக் கேட்டும் யூரர் சிரிக்கவில்லை. பன்றி வளர்த்துப் பிழைத்த, அறுபதை அண்மித்த ஒருவருக்கு 90 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இத்தகைய தண்டனைகளைக் கண்டு அஞ்சிய பலர், குறைந்த தண்டனையேனும் கிடைக்கட்டுமென்று குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1791ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்க அரசியல் யாப்பின் நாலாம் திருத்தம், நம்பத்தகுந்த காரணமின்றிப் பிடியாணை பிறப்பிக்கலாகாது என்று விதித்திருக்கிறது. வெறும் சந்தேகம் போதாது. தண்டிப்பதற்கு வேண்டிய அளவு சாட்சியமும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டது அக்காரணம். 1959இல் தீர்ந்த டிரேப்பர் வழக்கில், சிக்காகோவிலிருந்து ஹெரோயினுடன் டென்வர் நகருக்குப் புகையிரதத்தில் வருவார் ஒருவர் என்று துப்பாளி சொன்னான். உடையையும், பையையும், விரைந்து நடக்கும் நடையையும் கூடச் சொன்னான். அதிகாரி நிலையத்திற் காத்திருந்து, சொன்னவை யாவும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே கைது செய்தார். உயர் நீதிமன்றம் அக்கைதை ஏற்றது. அங்கும் ஒரு நீதியரசர் மாறுபட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1964இல் அகுய்லார் வழக்கில், "நம்பத்தகுந்தவர் சொன்னார்" என்று பொலிசார் சத்தியக் கடதாசியில் எழுதிவிட்டால் மட்டும் போதாதென்று அதே மன்றம் தீர்த்தது. 1983இல் இவ்விதி தளர்த்தப்பட்டு, சூழ்நிலை முழுவதையும் சேர்த்து நோக்கினாற் போதும் என்றாயிற்று.

துப்பாளியின் சொல்லை இவ்வளவு உரசிப் பார்க்கும் சட்டம், பொலிஸ் ஊழியர் தாமே சத்தியம் செய்தால் உரசாமல் விட்டுவிடுகிறது. டூலியாவின் அவலத்துக்கு மூலம் இதுவே. முன்பு வேலை செய்த மாவட்டத்தில் களவுக் குற்றச்சாட்டுக்காகக் கோல்மன் மீதே 1998இல் பிடியாணை வந்திருந்தது. அவரை வேலைக்கமர்த்திய ஷெரீப் அதை அறிந்தும் வேவுவேலையைத் தொடர விட்டார். ஒரு பெண், விற்றதாகச் சொல்லப்பட்ட நாளில் தாம் ஒக்லஹோமா நகரில் இருந்ததை வங்கிச் சான்றால் நிரூபித்தார். இன்னொருவர் வேலைத்தல நேரப் பதிவால் தப்பினார். வங்கிக் கணக்கும் நேரப் பதிவும் இல்லாத ஏழைகள் எதைக் காட்டுவர்? 2003 ஓகஸ்டில் ஆளுநர் 35 பேருக்கு மன்னிப்பளித்தார். 2005இல் கோல்மன் பொய்ச்சத்தியம் செய்த குற்றவாளியானார். அவருக்குச் சிறையில்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே!

2001இல் டெக்சாஸ் புதுச்சட்டம் இயற்றி, போதைப்பொருள் வழக்கில் இரகசியத் துப்பாளியின் சொல்லை மட்டும் கொண்டு தண்டிக்கலாகாது என்றது. ஆனால் உத்தியோகபூர்வப் பொலிசாருக்கு அது பொருந்தாது. கோல்மன் உத்தியோகபூர்வப் பொலிஸ்காரர்.

எமது நாட்டிலும் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு, நம்பகமான தகவலோ நியாயமான சந்தேகமோ இருப்பின் பிடியாணையின்றிக் கைது செய்யப் பொலிசாருக்கு இடமளிக்கிறது. 2023 டிசம்பரில் "யுக்திய" நடவடிக்கை தொடங்கிப் பல்லாயிரவர் கைதான போது, அத்தனை பேர் மீதும் அத்தகைய தகவல் இருந்ததா என்று கேட்டவர் சிலரே. அதனை உடனே நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் கோரினர். நாம் கேட்பது சிறிது. மாறுவேடத்தில் வாங்கச் செல்பவரைப் போகுமுன்னும் வந்தபின்னும் சோதிக்கட்டும்; கொடுக்கும் நோட்டின் இலக்கத்தை முன்னரே எழுதி வைக்கட்டும்; இரண்டாம் அதிகாரி தூர நின்றேனும் பார்க்கட்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாத வழக்கில், சந்தேக நபரை மறியலுக்கு அனுப்புமுன், "உமது சொல்லைத் தவிர வேறென்ன உண்டு?" என்று நீதவான் பொலிசாரைக் கேட்பாராக.