பொம்பா வரும் வரை

2024 ஜனவரி 26. திரிங்காப்புக்கு வடக்கே, கம்போங் ராஜா புளூ வேலியில் மலை சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐவரைப் புதைத்தது. எவரும் உயிரோடு கிடைக்கவில்லை. ஆனாலும், ஐந்தாமவரை மீட்கும்வரை தேடல் ஓயவில்லை. கைவிடப்படமாட்டோம் என்ற அந்த உறுதியே மீட்புப் படை தரும் நம்பிக்கை.

ஆனால், நம்பிக்கைக்கு நேரமும் முக்கியம். மழைநீர் மண்துகள்களுக்கிடையே நிரம்பி அழுத்தம் கூடினால், சரிவின் பிடி தளர்கிறது. சரிந்த மண் சாலையை மறித்தால், 999-ஐ அழைத்தாலும் வண்டி வரத் தாமதமாகும். அதுவரை துணை பக்கத்து வீட்டார்தான்.

ஆகவே, தோட்டக் குடியிருப்புதோறும் பத்துப் பேருக்காவது முதலுதவிப் பயிற்சி வேண்டும். மண்ணில் விரிசலோ கலங்கிய நீர்க்கசிவோ கண்டால் உடனே வெளியேறவும் பழக்க வேண்டும். பொம்பா வரும் வரை உயிர் காப்பது நம் கையில்.