பட்டம் மட்டும் பாக்கி

வண்ணாரப்பேட்டையிலிருந்து கால்நடையாகவே போய்விடக் கூடிய தூரத்தில் இருக்கிறது ராயபுரம் ரயில் நிலையம். 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது என்று பேட்டைவாசிகள் பெருமையாகச் சொல்வார்கள். நியாயமான பெருமைதான். ஆனால் வாலாஜா என்பது ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் பட்டம் அல்லவா? வேடிக்கை என்னவென்றால், ரயில் ஓடிய அந்த வருஷத்தில் ஆர்க்காட்டுக்கு நவாபே இல்லை! முந்தின வருஷம் அக்டோபரில் குலாம் கௌஸ் கான் புத்திர சந்தானமின்றிக் காலமானார். அத்துடன் நவாப் ஸ்தானமே ஒழிந்தது என்று கும்பினியார் தீர்த்துவிட்டார்கள்.

பிறர் தயவில் முடி சூடிய ராஜாக்கள் சரித்திரத்தில் பலர். 13-ம் நூற்றாண்டில் கொரியா தேசம் மங்கோலியருக்குப் பணிந்தது. ராஜவம்சம் நீடித்தது; ஆனால் சுங்நியோல் என்னும் அரசன் குப்ளாய் கானின் மருமகனானான். அவன் தொடங்கி ஆறு அரசர்களுக்கு இறந்தபின் வழங்கிய பெயர்கள் எல்லாம் 'விசுவாசம்' என்று பொருள்படும் சொல்லில் ஆரம்பிக்கின்றன. யாரிடம் விசுவாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நமது நவாபைப் பிணைத்த சங்கிலி கல்யாணமல்ல, கடன் பத்திரம். சந்தா சாகிபுடன் நடந்த போரில் கும்பினிச் சிப்பாய்கள் முகம்மது அலிக்குத் துணை நின்றார்கள். போர்ச் செலவு அவர் கணக்கில் ஏறியது. அதைக் கட்ட, கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே அவர் சொந்தக் கடன் வாங்கினார். ஈடாக ஜில்லாக்களின் நிலவரி வசூலை எழுதிக் கொடுத்தார். குடியானவன் வயிற்றில் அடித்துத்தான் வட்டி கட்ட முடிந்தது. 1773-ல் கும்பினிப் படையுடன் தஞ்சாவூரைப் பிடித்துத் துளஜா மகாராஜாவைச் சிறை வைத்தார்கள். 1776-ல் கவர்னர் பிகட் துரை தஞ்சையைத் திருப்பிக் கொடுத்தபோது, அதன் வருமானம் தமக்கு ஈடாக இருக்கிறதென்று பால் பென்பீல்டு என்பவர் கிளம்பினார். சச்சரவு முற்றி, கவர்னரையே கௌன்சில் அங்கத்தினர்கள் கைது செய்தார்கள். மறு வருஷம் அவர் காவலிலேயே மாண்டார். கடன்காரர்களின் கை எவ்வளவு நீளம், பாருங்கள்!

பிற்காலத்தில் இந்தக் கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் அமைந்தது. வந்த கோரிக்கைகள் சுமார் 3 கோடி பவுனுக்கு மேல். நிஜமென்று ஏற்றது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

1801 ஜூலையில் முகம்மது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா இறந்தார். திப்புவுடன் ரகசியக் கடிதப் போக்குவரத்து நடத்தியதாகக் குற்றம் சாட்டி, ராஜ்ய நிர்வாகம் முழுவதையும் ஒப்படைத்தால்தான் பட்டம் என்று கும்பினியார் நிபந்தனை போட்டார்கள். இறந்தவரின் மகன் அலி ஹுசேன் இளம்பிள்ளை. முடியாது என்று சொல்லிவிட்டான். உடனே சித்தப்பன் மகன் அஜீம்-உத்-தௌலாவை அழைத்தார்கள். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு அவர் கையெழுத்துப் போட்டு நவாபானார். மறுத்த பிள்ளை மறு வருஷமே இறந்து போனான். சரித்திரப் பாடத்தில் அவன் பெயரை நான் படித்ததில்லை. படித்திருக்க வேண்டியது அவன் பெயரைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கொரியாவில் 1356-ல் கொங்மின் என்ற அரசன் மங்கோலியரை எதிர்த்து எழுந்து, இழந்த வட பிரதேசத்தை மீட்டான். அதற்குள் மங்கோலிய சாம்ராஜ்யமே ஆட்டம் கண்டிருந்தது. நவாபுகளுக்கோ அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சேப்பாக்கம் அரண்மனை சர்க்கார் வசமாயிற்று. 1867-ல் குலாம் கௌஸின் சிற்றப்பா அஜீம் ஜாவுக்கு 'ஆர்க்காட்டு இளவரசர்' என்ற பட்டமும் பரம்பரை உபகாரச் சம்பளமும் கிடைத்தன. அவர் சந்ததியார் இன்றும் ராயப்பேட்டை அமீர் மஹாலில் இருக்கிறார்கள்.