பாலத்தில் விடவேண்டிய இடைவெளி

மாலை ஆறு மணி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து பெருநிலத்துக்குத் திரும்புவோரின் வாகனங்கள் பினாங்குப் பாலத்தில் ஊர்ந்து செல்கின்றன. பாதிப் பாலம் கடந்ததும் நெரிசல் தளர்கிறது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு உயர்கிறது. ஆனால், முன்வாகனத்துக்கும் பின்வாகனத்துக்கும் இடையே உள்ள தூரம் மட்டும் நெரிசலில் இருந்தபடியே இருக்கிறது. வேக வரம்பை எவரும் மீறவில்லை. இருப்பினும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 22 மீட்டர். முன்வாகனத்தின் சிவப்பு விளக்கைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியும் வாகனம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிரேக் பிடித்தபின், காய்ந்த சாலையில் மேலும் 35 மீட்டர் தேவைப்படும். மொத்தம் 57 மீட்டர்! ஒரு மைவி மகிழுந்தின் நீளம் ஏறத்தாழ நான்கு மீட்டர். அப்படியானால், பதினான்கு மைவிகளை வரிசையாக நிறுத்தும் நீளம் அது.

வேகம் இருமடங்கானால் பிரேக் தூரமும் இருமடங்காகும் எனப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் பிரேக் தூரம் ஐந்து மீட்டர். 60 கிலோமீட்டரில் 20 மீட்டர். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருவில், கடைவாசலிலிருந்து ஒரு குழந்தை திடீரென இறங்கினால், இந்த 15 மீட்டர் வேறுபாடு எவ்வளவு பெரியது! மழை பெய்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஈரச் சாலையில் பிரேக் தூரம் ஏறக்குறைய இருமடங்காகும். சுமையேற்றிய கொள்கலன் லாரிக்கோ இன்னும் அதிக தூரம் வேண்டும். லாரிக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் அதன் ஓட்டுநர் தம் பாதுகாப்புக்காக விட்டுவைத்தது. அதில் நுழையும் மோட்டார் சைக்கிளோட்டி அவருடைய பிரேக் தூரத்தைப் பறித்துக்கொள்கிறார்.

16 வயதில் மோட்டார் சைக்கிளுக்கும் 17 வயதில் மகிழுந்துக்கும் உரிமம் எடுக்கத் துடிக்கும் மாணவர்கள் பலர். மேட்டில் நிறுத்தி ஏறுவதையும் முப்புள்ளித் திருப்பத்தையும் நாள்கணக்கில் பழகுகிறார்கள். அவை வேண்டியவையே. எனினும், பயிற்சித் திடலில் 57 மீட்டரை வெள்ளைக் கோடிட்டு, அதில் ஒருமுறை நடக்க வைத்தால் என்ன? தாளில் படித்த எண்ணைக் கால்கள் மறப்பதில்லை.

“இடைவெளி விட்டால் வேறொருவர் நுழைந்துவிடுகிறாரே!” என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். நுழையட்டுமே. அவருக்குப் பின்னால் மீண்டும் இரண்டு விநாடி இடைவெளி விட நமக்கு ஆகும் தாமதமும் இரண்டே விநாடிதான். பத்துப் பேர் நுழைந்தாலும் 20 விநாடி. 13.5 கிலோமீட்டர் பாலத்தை 80-இல் கடக்கவே பத்து நிமிடம் ஆகிறது. இருபது விநாடியை மிச்சம் பிடித்து வீட்டில் என்ன செய்யப் போகிறோம்?

அந்த இரண்டு விநாடியை அளக்க மீட்டர் கோல் தேவையில்லை. அடுத்த முறை அப்பாவின் மகிழுந்தில் பாலத்தைக் கடக்கும்போது, முன்வாகனம் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என நிதானமாகச் சொல்லுங்கள். மழை என்றால் ‘ஆயிரத்து நான்கு’ வரை எண்ணவேண்டும். “ஆயிரத்து ஒன்று” முடிவதற்குள்ளேயே உங்கள் வாகனமும் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால், வேகத்தைச் சற்றுக் குறைக்கும்படி அப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்.